கோடு போட்ட ஆறு வார்த்தைகள்

14

ராயபுரத்தில் வேதமாணிக்கத்தைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் கப்பல்களுக்கு முட்டை, காய்கறி, இறைச்சி, சோப்பு கொடுக்கிற கடை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முதல் பெஞ்சு. சபையின் மதுவிலக்குச் சங்கத்தில் காரியதரிசிப் பதவி. மூன்றையும் ஒரே முகத்தோடு நடத்திவந்தார். கோட்டுக்குப் போடுகிற கஞ்சியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அந்த முகத்துக்கும் போட்டாரோ என்னவோ.

அவர் தம் மருமகள் செல்லக்கனியின் தகப்பனாருக்குத் தந்தி கொடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு, அந்தப் பெண் செய்த குற்றம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் அவளுடைய மூன்று வயது மகள் ரூத்துக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்தது. மாமனார் வேலூரில் மதுவிலக்கு மகாநாட்டில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். புருஷன் ஆசீர்வாதம் அர்ஜெண்டீனாவிலிருந்து கோதுமை கொண்டுவந்த கப்பலில் ஐந்து நாளாகக் 'காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தான்'. செல்லக்கனி குழந்தையைப் பக்கத்து வீட்டு ஜெரினாவின் மடியில் போட்டுவிட்டுத் துறைமுக வாசலுக்கு ஓடினாள். உள்ளே விடவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடு என்றான் காவல்காரன். அவள் கூப்பிட்டாள். நாலு தடவை.

அதுதான் குற்றம். புருஷன் பேரைக் காகிதத்தில் எழுதவே கை கூசுகிற குடும்பத்தில், கட்டிய பெண்டாட்டி அந்தப் பேரை நடுத்தெருவில், கூலியாட்களும் வண்டிக்காரர்களும் கேட்க, வாய்விட்டுக் கூவிவிட்டாள். ஆசீர்வாதம் இறங்கி வந்தான். குழந்தையும் பிழைத்தது. அந்த இரண்டையும் வேதமாணிக்கம் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் அதே கப்பல் திரும்பவும் சென்னைக்கு வந்தது. சப்ளை வேறு கடைக்குப் போய்விட்டது. வேதமாணிக்கம் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் போய்க் கேட்டார். "கேப்டன்தான் போன தடவையே உங்களுக்கு எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறாராமே" என்றார் குமாஸ்தா.

எழுத்து என்று அவர் சொன்னது எது தெரியுமா? வேதமாணிக்கத்தின் கடையில், சுவரின் நட்ட நடுவில், கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த கடிதம்தான்.

கப்பல் சாமான் வியாபாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கேப்டனிடமும் ஒரு நற்சாட்சிக் கடிதம் வாங்கி, சட்டம் போட்டு மாட்டுவார்கள். அடுத்த கேப்டன் அதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுப்பான். வேதமாணிக்கம் கடையில் இருபத்துமூன்று இருந்தன. இருபத்துநான்காவது ஸ்பானிஷ் பாஷையில் இருந்தது. அதை அவரால் படிக்க முடியவில்லை. ஆனால் சிவப்பு அரக்கு முத்திரை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. கொண்டுவந்து கொடுத்த ஆசீர்வாதம், "ரொம்பப் புகழ்ந்து எழுதியிருக்கான் அப்பா" என்றான். போதாதா? ஐந்து மாதம் அதன் கீழே உட்கார்ந்து வியாபாரம் செய்தார். வந்தவர்களுக்கெல்லாம் விரலை நீட்டிக் காட்டினார்.

குமாஸ்தாவின் பேச்சைக் கேட்டதும் சட்டத்தோடு கழற்றி ஏஜெண்டு ஆபீசுக்கு எடுத்துப்போனார். அங்கே அந்தக் கப்பலின் மேட்டு, கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, உட்கார்ந்திருந்தான். கடிதத்தைக் கண்ணாடிக்குள் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் அதை உருவி, சிவப்புப் பென்சிலால் ஆறு இடத்தில் கோடு போட்டு, "பேட், பேட், வெரி பேட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மகனைக் கேட்டார். ஆசீர்வாதம் ஒரு நிமிஷம் விழித்தான். ஒரே நிமிஷம்தான்.

"அவ வாசல்ல போட்ட சத்தத்தைத்தான் எழுதியிருப்பான் அப்பா. அன்னைக்கே கேப்டன் முகம் சுளிச்சான். உங்க மனசு நோகுமேன்னு மறைச்சேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் சோறு போட ஓர் அப்பன் வேண்டுமே. வேதமாணிக்கம் நம்பினார். அன்றைக்கே தந்தி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தார் செல்லக்கனியின் தகப்பனார் ஞானாயுதம். நாசரேத்துப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். முப்பது வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் மட்டுமே குரலை உயர்த்தியவர். சம்பந்தி வீட்டு நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தார்.

கூடத்தின் நடுவில் மகளின் டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது. அதில் குழந்தையின் துணி ஒன்றுகூட இல்லை. மாமனார் நேற்றே திறந்து சரிபார்த்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை வாழாவெட்டியாக அனுப்புவதென்றால் சும்மா ரயிலேற்றிவிட முடியாது. பெற்றவனை வரவழைத்து, அவன் காதுபடக் குற்றத்தை வாசித்து, ஒப்புக்கொண்டதாக அவனிடமே கையெழுத்தும் வாங்க வேண்டும். அதற்கான காகிதத்தை வேதமாணிக்கம் முத்துமுத்தாக எழுதி வைத்திருந்தார். முதல் ஷரத்து, பெண் குடும்ப மானத்தைக் கெடுத்தாள். இரண்டாவது, தகப்பன் அழைத்துப் போகிறான். மூன்றாவது, குழந்தை ரூத் எங்கள் வீட்டிலேயே வளரும்.

செல்லக்கனி அந்த மூன்றாவது வரியை மட்டும்தான் படித்தாள். முதல் இரண்டும் அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சமையல்கட்டு வாசலில் ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று வயதுப் பிள்ளையை அப்படித் தூக்கி வைத்திருந்தால் இடுப்பு வலிக்கும். அவள் இறக்கிவிடவில்லை.

"மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார் ஞானாயுதம்.

"வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டுக் கப்பலுக்குப் போயிருக்கான். அந்தக் கேப்டன்கிட்ட சமாதானம் பேச. உம்ம மக கெடுத்ததை அவன்தானே போய்ச் சரிக்கட்டணும்" என்றார் வேதமாணிக்கம். "நான் என் வாயால ஒண்ணும் சொல்லப்போறதில்லை சம்பந்தி. அயல்தேசத்துக்காரன் எழுதிக் கொடுத்திருக்கான். அவனுக்கு என்ன ஓரவஞ்சனை? நீரே கேட்டுக்கிடும்."

பகல் ஒரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவன் தாமோதரன். காசிமேட்டுக்காரன். அர்ஜெண்டீனாக் கப்பல்களில் பன்னிரண்டு வருஷம் சமையல் செய்தவன். இப்போது பெரம்பூர் ரயில்வே காண்டீனில் இருந்தான். ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா சொல்லி அனுப்பிய ஆள். வேதமாணிக்கம் அவனுக்கு நாற்காலி காட்டவில்லை. சமையற்காரன், அதிலும் பட்டணத்துக் கொச்சை பேசுகிறவன், நின்றுகொண்டே படித்தால் ஸ்பானிஷ் ஓடிப்போய்விடாது என்பது அவர் எண்ணம்.

"உனக்கு அந்தப் பாஷை எழுதப் படிக்கத் தெரியுமா?"

"திட்டு மட்டும் நல்லாப் படிப்பேன் சார். எனக்கு எய்திக் குடுத்ததெல்லாம் அதான்."

செல்லக்கனி ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தாமோதரன் வாங்கிக் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை வாங்கினான். மேலிருந்து கீழே வரைக்கும் உதடு அசையப் படித்தான். படித்து முடித்து வேதமாணிக்கத்தைப் பார்த்தான். கூடத்திலிருந்த பெட்டியைப் பார்த்தான்.

"முழுசாச் சொல்லட்டா, கோடு போட்டது மட்டும் சொல்லட்டா?"

"கோடு போட்டது மட்டும். ஒவ்வொண்ணா. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டது."

"உங்க இஷ்டம்."

வேதமாணிக்கம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதுவிலக்குச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தையே எடுத்து விரித்தார். பேனாவில் மை நிரப்பினார். மருமகளைக் குறித்து ஒரு கேப்டன் எழுதியதை அதற்குக் குறைந்த புத்தகத்தில் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

"முதல் வார்த்தை எஸ்காந்தலோ" என்றான் தாமோதரன். "கலாட்டா சார். சும்மா கலாட்டா இல்ல. தெருவுல அல்லாரும் கதவத் தொறந்துக்கினு வந்து பாக்கறாங்கோ பாரு, அந்தக் கலாட்டா."

"கலாட்டாவாவது. சபையில வாசிக்கிற மாதிரி சொல்லத் தெரியாதா? 'பலரறியச் செய்த அவமானம்'." எழுதினார். "கேட்டீரா சம்பந்தி, பலரறிய."

ஞானாயுதம் தரையைப் பார்த்தார்.

"ரெண்டாவது அல்போரோத்தோ. இது ரகளை."

"'அமளி'. மேலே."

"மூணாவது போச்சிஞ்சே. இத்த எப்டி சொல்றது? பத்து பேரு குந்திச் சாப்புட்டுக்கினு கீறாங்கோ. ஒருத்தர் எய்ந்து தட்டத் தூக்கி அடிச்சா அப்பறம் ஒரு பேஜாரு நடக்குமே, அது சார். அங்க அதுக்குத் தனியா ஒரு வார்த்தையே வச்சிக்கிறாங்கோ."

"'கலகம்'. சாப்பாட்டுக் கதையெல்லாம் வேண்டாம்."

"நாலாவது பார்பாரிதாத். மனுசன் செய்யற வேலையா இதுன்னு கேப்பமே."

"'அட்டூழியம்'." பேனா ஒரு துளி மையைச் சிந்தியது. வேதமாணிக்கம் அதை ஒற்றி எடுத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பிரசங்கம் நன்றாகப் போகும்போது வருகிற திருப்தி. "பாரும். ஒரு பொம்பளை நாலு வார்த்தை கத்தினதுக்கு அயல்தேசத்துக்காரன் எத்தனை வார்த்தை எழுதவேண்டி வந்திருக்கு பாரும்."

"அப்பா" என்றாள் செல்லக்கனி தன் தகப்பனைப் பார்த்து. "நான் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் சொல்லலை."

"நீ பேசாதே. உன் சத்தம் கடல் தாண்டிப் போனது போதும்" என்றார் மாமனார். "அஞ்சாவது என்ன?"

"தெஸ்காராதோ. இது நல்ல வார்த்தை சார். மூஞ்சியே இல்லாத ஆளுன்னு அர்த்தம். வெக்கப்படறதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல? அது கூட இல்லியாம்."

"'நாணமற்ற'. ஆறு?"

"சின்வெர்குவென்சா. மானங்கெட்ட ஜென்மம். இத்த எனுக்கு ரெண்டு தபா எய்திக் குடுத்துக்கிறாங்கோ."

"'மானமற்ற'." வேதமாணிக்கம் பேனாவை மூடினார். காகிதத்தை ஞானாயுதத்தின் பக்கம் தள்ளினார். "கேட்டாச்சு. போடும் கையெழுத்தை."

ஞானாயுதம் பேனாவை எடுத்துத் திறந்தார். ஆனாலும் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். வெறும் வார்த்தைகளை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பரீட்சை தேறின பிள்ளையை அவர் கண்டதில்லை.

"தம்பி" என்று தாமோதரனைக் கூப்பிட்டார். "அந்த வார்த்தையெல்லாம் எந்த வாக்கியத்துல வருதுன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுதீங்களா?"

"அது தேவையில்லை" என்றார் வேதமாணிக்கம்.

"இல்ல சார், பெரியவர் கேக்கறாரு" என்றான் தாமோதரன். அப்போதுதான் அவன் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துச் சொன்னான்.

"ஐயா. உங்க பையன் ஆசீர்வாதம் காய்கறி கொண்டாறேன்னு சொல்லி அஞ்சு நாளா என் கப்பல்ல குந்திக் குடிச்சாரு. உங்க ஊர்ல கெடைக்கலியாம், அதனால இங்கக் குடிக்கறாராம். முதல் நாளே எஸ்காந்தலோ. ரெண்டாம் நாள் இஞ்சின் ரூமு ஆளுங்களோட அல்போரோத்தோ. மூணாம் நாள் சாப்பாட்டு ரூம்ல போச்சிஞ்சே. என் தொப்பிய எடுத்து மாட்டிக்கினு மேஜ மேல ஏறி, உங்க சாமி பாட்டுக்கு டான்ஸ் ஆடினாரு. நாலாம் நாள் சூப்பு அண்டால அவரு செஞ்ச பார்பாரிதாத்த எய்தறதுக்கு எனுக்குக் கை வரல. இந்த மாதிரி தெஸ்காராதோ, சின்வெர்குவென்சா ஒருத்தர நான் முப்பது வருசத்துல பாக்கல. இனிமே உங்க கடையிலேந்து ஒரு முட்ட கூட எனுக்கு வேணாம்." தாமோதரன் கடிதத்தை மடித்தான். "கீய கையெய்த்து."

 ரூத் தாயின் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளையைப் பத்தி?" என்றார் வேதமாணிக்கம்.

"இல்ல."

"நல்லாப் பாரு. வாசல்ல ஒரு பொம்பளை வந்து..."

"பொம்பளன்னு ஒரு வார்த்தையே இதுல இல்ல சார். உங்க பையன் பேருதான் கீது."

இந்த இடத்தில் வேறு ஒரு மனிதனாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பான். வேதமாணிக்கம் தம்முடைய மதுவிலக்குப் புத்தகத்தைத்தான் குனிந்து பார்த்தார். அவமானம், அமளி, கலகம், அட்டூழியம், நாணமற்ற, மானமற்ற. அவரே நல்ல தமிழாகப் பொறுக்கி எடுத்து, அவருடைய சொந்தக் கையாலேயே மகனுக்கு எழுதிய நற்சாட்சி. ஐந்து மாதம் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்து ஊருக்கெல்லாம் காட்டியதும் அவர்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இந்த மனுஷர் தம் முதுகைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனார். பக்கத்துக்கு நம்பர் போட்டிருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு சேதி சார்" என்றான் தாமோதரன். "இப்ப வரச்சொல்ல அந்தக் கப்பல் ஓரமாத்தான் வந்தேன். மேல வெள்ளக் கோட்டு போட்ட ஒருத்தர் கம்பியப் புடிச்சிக்கினு ஆடிக்கினு இருந்தாரு. யாருன்னு தெரில. இப்ப இத்தப் படிச்சப்பறம்தான் புரியுது. கெளம்பற கொடி ஏத்திட்டாங்கோ. மூணு மணிக்குக் கப்பல அவுத்துருவாங்கோ."

சமாதானம் பேசப் போன மகன். வேதமாணிக்கத்துக்கு முதன்முறையாக வியர்த்தது. போலீசுக்குச் சொன்னால், குடித்த குற்றத்துக்கு மதுவிலக்குச் சட்டப்படி வாசலிலேயே பிடித்து ஜெயிலில் போடுவார்கள். மதுவிலக்குக் காரியதரிசியின் மகன் என்று பத்திரிகையில் வரும். சொல்லாவிட்டால் கப்பல் அவனையும் ஏற்றிக்கொண்டு எந்தத் துறைமுகத்துக்குப் போகுமோ, யார் கண்டது.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஞானாயுதத்தைப் பார்த்தார். தாமோதரனைப் பார்த்தார். கடைசியில் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

"அம்மா, செல்லக்கனி" என்றார். அந்த வீட்டில் அவள் கால் வைத்த நாலு வருஷத்தில் அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீ ஒரு நடை வாசலுக்குப் போய்க் கூப்பிட்டா வந்துருவான். போன தடவை வந்தான்ல."

செல்லக்கனி அவரைப் பார்த்தாள். கோபம் வந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை. மீன்காரி கூடையில் கெட்டுப்போன மீனை ஒதுக்குவதுபோல அவரைக் கண்ணால் ஒதுக்கினாள்.

"போன தடவை கூப்பிட்டதுக்குத்தான் எங்க அப்பாவை வரவழைச்சிருக்கீங்க மாமா."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? ஏதோ தெரியாம..."

"மூணாவது வரியை அடிங்க."

"என்ன?"

"குழந்தை உங்க வீட்டுல வளரும்னு எழுதியிருக்கீங்கள்ல. அதை அடிச்சிட்டு, தாய்கிட்டதான் இருக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பா சாட்சி. அந்த அண்ணன் ஒரு சாட்சி."

"அடிச்சா நீ போவியா?"

அவள் பதில் சொல்லவில்லை. ஆபத்தில் இருக்கிற மனிதன் பதில் வராததையும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான். வேதமாணிக்கம் அவசர அவசரமாக அடித்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். ஞானாயுதம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தாமோதரன் ஸ்பானிஷிலேயே போட்டான். செல்லக்கனி காகிதத்தை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ரூத்தை இறக்கிவிட்டு இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

"நீங்க போங்க மாமா" என்றாள். "பெத்தவர் கூப்பிட்டா வராமயா இருப்பாக? நான் அவுக பேரைச் சொன்னாத்தானே குடும்ப மானம் போகும். நீங்க சொன்னாப் போகாது."

"நீ போறேன்னுதானே..."

"நான் அப்படிச் சொல்லலை. அப்பா, நான் சொன்னேனா?"

"சொல்லலை" என்றார் ஞானாயுதம். நாற்காலியில் இப்போது அவர் முழுசாக உட்கார்ந்திருந்தார்.

மணி இரண்டு. வேதமாணிக்கம் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டு இறங்கினார். வாசற்படியில் ஒரு தரம் திரும்பினார். டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. செல்லக்கனி அதில் சின்னச் சின்னக் கவுன்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலி வண்டி ராத்திரிதான். இன்னும் நேரம் இருந்தது. "இருக்கப் போறியா, போகப் போறியா?" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

துறைமுக வாசலில் காவல்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பாஸ் இல்லாம வுட முடியாது பெரியவரே. பேரச் சொல்லிக் கூவு. காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது, கேக்கும். போன தபா ஒரு அம்மா வந்து இங்கதான் நின்னு கூவிச்சு. பாவம், கொயந்தைக்கு முடியலன்னு அய்துக்கினே கூவிச்சு."

வேதமாணிக்கம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். ஆலயத்தில் ஜெபம் செய்கிற குரலில்தான் முதலில் வந்தது. பக்கத்தில் நின்ற மாட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். பாரந்தூக்கி கடகடவென்று ஓடியது. மூன்றாவது தரம் தொண்டை கிழிய, "லேய், ஆசீர்வாதம்" என்று கத்தினார். தலைப்பாகை நழுவிக் கீழே விழுந்தது. நாலாவது தடவையும் கத்தினார். மேல்தட்டில் வெள்ளைக் கோட்டு ஒன்று தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அது யாருக்கோ கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

தெருவோடு போன கூலியாட்கள் நின்றார்கள். கருவாட்டுக் கூடையோடு வந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். அதில் ஒருத்தி கூடையை இறக்காமலே கேட்டாள்.

"இன்னா நைனா, இந்த வயசுல நடு ரோட்ல இப்டி ரகளை பண்ணிக்கினு கீறே? கூட்டிக்கினு போக வூட்ல பொம்பளைங்க யாரும் இல்லியா?"

 வேதமாணிக்கம் ஐந்தாவது தடவையாக மகன் பேரைச் சொல்லிக் கத்தினார். கப்பலைக் கட்டியிருந்த வடக்கயிறு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது.